பவளத்தின் மீதான வழக்கு

கண்டியில், அம்பிட்டியப் பக்கம் மழை பெரும்பாலும் பின்னேரம் நாலு மணிக்குத்தான் தொடங்கும். முதலில் ஹந்தானை மலை மறையும். பிறகு எங்கள் வீட்டுத் தகரம் சத்தம் போடும். அதற்குப் பிறகு என் மனைவி பவளராணி இஞ்சித் தேத்தண்ணீர் கொண்டு வருவாள். பக்கத்தில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இதில் மாற்றமில்லை. வழக்குகள் தள்ளிப்போகும், நீதிபதிகள் மாறுவார்கள், அரசாங்கமே மாறும், நாலு மணித் தேத்தண்ணீர் மட்டும் மாறாது. அதனால்தான் அதன் ருசி மாறியபோது எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. உங்கள் பெயர் என்ன சொன்னீர்கள்? தாஸிம். நல்லது. தாராளமாக எழுதுங்கள், வேண்டுமென்றால் போனில் பதிவும் செய்யுங்கள். என்னை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிருஷ்ணராஜ், சட்டத்தரணி. கண்டி நீதிமன்றங்களில் எனக்குத் தலைமுடி நரைத்தது. சனி, ஞாயிறுகளில் சட்ட மாணவர்களுக்குச் சாட்சியச் சட்டம் சொல்லிக்கொடுத்தேன். அதில் நான் மிக ரசித்துச் சொல்லிக்கொடுத்தது இருபத்தைந்தாம் பிரிவு. பொலிஸ் அதிகாரியிடம் ஒருவன் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஆகவே இந்தப் பொலிஸ் நிலைய அறைக்குள் உங்களிடம் நான் எதைச் சொன்னாலும் அது அந்தக் கதவைத் தாண்டிப் போகாது. மனம் விட்டுப் பேச இதைவிடப் பாதுகாப்பான இடம் இந்த ஊரில் இல்லை.

ஒன்றில் மட்டும் நான் கவனமாக இருப்பேன். நான் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் போய் ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்த வார்த்தை மட்டும் சாட்சியமாகிவிடும். அது இருபத்தேழாம் பிரிவு. எனவே அந்த மருந்துக் குளிசை மட்டைகளை எங்கே போட்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள். மற்றதெல்லாம் சொல்கிறேன்.

நான் தெல்தோட்டையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அப்பா பொன்னையா தேயிலை பெக்டரியில் வேலை செய்தவர். எனக்குத் தேயிலைக் கசப்பு தெரியும். அது நாக்கின் பின்பக்கம் போய் நிற்கும். ருசி மாறிய அன்றைய தேத்தண்ணீரின் கசப்பு முன்னாலேயே நின்றது. இஞ்சி வழக்கத்தைவிடக் கூடுதலாகவும் இருந்தது. எதையோ மறைக்கத்தான் எதையும் கூட்டிப் போடுவார்கள். சாட்சிகளும் அப்படித்தான். தேவைக்கு மேல் விவரம் சொல்கிற சாட்சியை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

அடுத்த நாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குசினிப் பக்கம் போனேன். பவளம் கரண்டியின் முதுகால் ஒரு குளிசையை நசுக்கிக்கொண்டிருந்தாள். மாவாகும்வரை நசுக்கி, என் கோப்பையில் போட்டுக் கலக்கினாள். தன் கோப்பையில் போடவில்லை. திரும்பி என்னைப் பார்த்ததும் மட்டையைச் சேலைக்குள் செருகிக்கொண்டாள்.

“என்னங்க, ஏதாச்சும் வேணுமா?”

“தண்ணி குடிக்க வந்தேன்.”

“கூப்பிட்டிருந்தா கொண்டாந்திருப்பேனே.”

அவள் முகத்தில் இருந்த கலவரத்தை நான் பல முகங்களில் பார்த்திருக்கிறேன். எதிரிக்கூண்டில் குற்றம் சாட்டப்பட்டு நிற்பவர்கள், தங்கள் வீட்டுக் கத்தியைச் சான்றுப் பொருளாக மேசைமேல் வைக்கும்போது அப்படித்தான் பார்ப்பார்கள்.

வேறொரு புருஷனாக இருந்தால் அங்கேயே கத்தியிருப்பான், கையை நீட்டியிருப்பான். அப்படிப்பட்டவர்களுக்காக நான் நிறைய வாதாடியிருக்கிறேன். எல்லாருமே அவசரப்பட்டவர்கள். எனக்குப் பவளத்தின் மேல் பிரியம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. பிரியம் இருந்ததால்தான் அவளுக்கு ஒரு முறையான விசாரணை கொடுத்தேன். சந்தேகத்தின் பலன் முழுவதையும் அவள் பக்கம் வைத்துத்தான் தொடங்கினேன். இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதன்பிறகு அவள் தந்த தேத்தண்ணீரை விறாந்தையில் இருந்த அந்தூரியச் சட்டியில் ஊற்றிவிட்டு, வெறும் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். செடி வாடவில்லை. அதை நான் மறைக்கவில்லை. எதிரிக்குச் சாதகமான விஷயத்தையும் வழக்குத் தொடுநர் வெளியில் வைக்க வேண்டும். ஆனால் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் மனிதனுக்கும் ஆகாது என்று எந்த நீதிபதியும் சொல்ல மாட்டார். ஆகவே அந்தூரியத்தின் சாட்சியத்தை நிராகரித்தேன்.

இனி நிரோஷன். என் ஜூனியர். அதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாங்கில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறானே, அவன்தான். நாவலப்பிட்டியிலிருந்து ரயிலேறி என்னிடம் தொழில் பழக வந்த பையன். கெட்டிக்காரன். ஒரு வருஷத்துக்கு முன் என் மேசையில் வைத்த கோப்புகள் காணாமல் போகத் தொடங்கின. தேடிக் களைத்த பிறகு அவன் வந்து, “இந்தா இருக்கு சேர்,” என்று என் கைப்பைக்குள்ளிருந்தே எடுத்துத் தருவான். பொருள் எங்கே மறைந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மறைத்தவனுக்குத்தானே.

ஒருநாள் வாவிக்கரையில் நிறுத்திய காரைக் காணவில்லை. வாவியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். அவனுக்குக் கோல் எடுத்தால், வந்து, தபால் நிலையத்துக்குப் பின்னால் நின்ற காரை நேரே போய்க் காட்டினான். “எப்பவும் இங்கதானே சேர் விடுவீங்க,” என்றான். அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

இன்னொரு நாள் ஒரு காணி வழக்கு. எழுந்து நன்றாகத்தான் வாதாடினேன். சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, நான் யாருக்காகத் தோன்றுகிறேன் என்று கேட்டார். எதிர்த்தரப்புக்காக வாதாடிக்கொண்டிருந்தேனாம். நிரோஷன் பாய்ந்து எழுந்து, “சேருக்குக் காய்ச்சல், மன்னிக்க வேணும்,” என்று சிங்களத்தில் சொல்லி என்னை உட்கார வைத்தான். எதிர்த்தரப்பின் ஆவணங்களை என் கட்டுக்குள் வைத்தது யார் என்று நான் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அன்று எனக்கு வந்த வெட்கத்தை உங்களிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது. கண்டி நீதிமன்றத்தில் என் பெயருக்கு ஒரு மரியாதை இருந்தது.

அதற்குப் பிறகுதான் பவளமும் அவனும் இரண்டு பேருமாகப் பிரஷர் பார்க்க வேண்டும் என்று சொல்லி என்னைப் பேராதனைக்கு ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த மனிதர் பிரஷர் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். எண்ணும் முள்ளும் போட்டு ஒரு மணிக்கூடு வரையச் சொன்னார். சட்டத்தரணி ஒருவரைப் பிடித்து மணிக்கூடு வரையச் சொல்கிறார், பாலர் வகுப்புப் பிள்ளைபோல. நான் பென்சிலை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். பவளம் உள்ளேயே இருந்தாள். கனநேரம் இருந்தாள். வெளியில் வரும்போது கண் சிவந்திருந்தது. “தூசு விழுந்திருச்சு,” என்றாள்.

இதுவரை சொன்னது எதுவும் போதாது என்று எனக்கும் தெரியும். சூழ்நிலைச் சான்று ஒரு சங்கிலி. ஒவ்வொரு வளையமும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு மஸீனா ஒருநாள் கேற்றடியில் நின்று, “மாஸ்டர், உங்கட டீச்சர் அடிக்கடி பேராதனப் பக்கம் போறாங்களாமே, ஏதும் சொகமில்லையா?” என்று கேட்டார். அந்தம்மா என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். பவளம் ஓய்வுபெற்ற ஆசிரியை, அதனால் டீச்சர். என்னிடம் அவள் கோயிலுக்கு என்றுதான் சொல்லிவிட்டுப் போவாள். ஆனாலும் மஸீனா சொன்னதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அது செவிவழிச் சாட்சியம். நேரில் கண்டவர் சொல்ல வேண்டும், நேரில் கேட்டவர் சொல்ல வேண்டும். எனவே நானே போனேன்.

பேராதனைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு பழக்கடையின் பின்னால் நின்றேன். அவளும் நிரோஷனும் சேர்ந்து வந்தார்கள். தூறல். பவளம் அழுதுகொண்டு வந்தாள். அவன் குடையை முழுவதும் அவள் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தான். அவனுடைய தோள் நனைந்துகொண்டிருந்தது. நீங்கள் நினைப்பதுபோல் நான் அவர்கள்மேல் அசிங்கமாக எதுவும் சொல்லவில்லை, அதற்குச் சான்றில்லை, சான்றில்லாத குற்றத்தைச் சுமத்துவது என் பழக்கமில்லை. ஆனால் அந்தக் குடை எனக்கு வலித்தது. நான் ஒருநாளும் அவளுக்குக் குடை பிடித்ததில்லை. என் கையில் எப்போதும் கோப்புகள் இருந்தன.

அன்றிரவு சாப்பாட்டுக்கு முன் அவள் தோட்டத்தில் நின்று போனில் பேசினாள். அறை யன்னல் திறந்திருந்தது. என் காதால் கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

“அவருக்குத் தெரியவே கூடாது நிரோஷன். தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாரு. நான் தேத்தண்ணியில போட்டுக் குடுத்துர்றேன். கோர்ட்டுல நீ பாத்துக்க.”

இது நேரடிச் சாட்சியம். இதற்கு மேல் ஒரு நீதிமன்றத்துக்கு என்ன வேண்டும்?

அவளிடமே கேட்டிருக்கலாமே என்று உங்கள் முகம் சொல்கிறது. எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். கணவன் மனைவிக்கு இடையில் பேசியதை வெளியே சொல்லும்படி சட்டம் யாரையும் வற்புறுத்துவதில்லை. அந்த உறவுக்கு அவ்வளவு மரியாதை. தன்னையே குற்றவாளியாக்கும் பதிலைச் சொல்லும்படி நான் என் மனைவியை எப்படி நெருக்குவது? எதிரிக்கு மௌனம் காக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை நான் அவளுக்குக் கொடுத்தேன், அவள் கேட்காமலே.

மன்னிக்க வேண்டும், உங்கள் பெயரை நீங்கள் சொல்லவே இல்லையே. தாஸிமா. சரி, தாஸிம்.

குளிசையை ஏதாவது பாமசியில் காட்டியிருக்கலாம் என்று இங்கே யாரோ சொன்னார்கள். நீங்களா, வேறொருவரா? அம்பிட்டிய பாமசிக்காரருக்குப் பவளத்தை நன்றாகத் தெரியும். நான் காட்டிவிட்டு வீடு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்திருக்கும். கண்டி டவுனில் காட்டினால் நிரோஷனுக்குப் போகும். நிபுணர் என்றால் பக்கம் சாராதவராக இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் அப்படி ஒருவரும் மிஞ்சவில்லை.

ஆகவே பரிசோதனையை நானே செய்யத் தீர்மானித்தேன். குளிசை மட்டைகள் சேலை அலுமாரியில், அவளுடைய கூறைச் சேலைக்கு அடியில் இருந்தன. என் தர்க்கம் மிக எளிமையானது. அது நல்ல மருந்தாக இருந்தால் அதைக் குடிப்பவருக்கு ஒன்றும் ஆகாது. நஞ்சாக இருந்தால் ஆகும். நல்லது என்றால் அவள் விடுதலை, நான் அவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பேன். மனதார அப்படித்தான் நினைத்தேன். ஒரு குளிசை போதாது என்று பட்டது. எனக்கு மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத் தந்ததை அவளுக்கு ஒரே தடவையில் கொடுத்தால்தானே கணக்குச் சரியாகும். இருந்த எல்லாவற்றையும் எடுத்தேன்.

அன்றும் மலை மறைந்தது. தகரத்தில் சத்தம் தொடங்கியது. அவள் எழும்புமுன், “இரு, இன்னைக்கு நான் போடுறேன்,” என்றேன்.

அவள் அப்படியே என்னைப் பார்த்தாள். “உங்களுக்கு சீனிப் போத்தல் எங்க இருக்குன்னு தெரியுமா?” என்று சிரித்தாள்.

இஞ்சியை நன்றாக இடித்துப் போட்டேன். கரண்டியின் முதுகால் நசுக்கினேன், அவள் நசுக்கியதைப் போலவே. கோப்பையைக் கொண்டுவந்து வைத்தபோது கருப்பட்டியை மறந்துவிட்டேன். அவளே எழுந்துபோய் இரண்டு துண்டு எடுத்து வந்து ஒன்றை என் சாஸரில் வைத்தாள்.

முதல் மிடறிலேயே அவள் முகம் சுளித்தது. அதை நான் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடத்தையும் ஒரு சாட்சியம்.

“கசக்குதா?” என்று கேட்டேன்.

“கசக்கத்தான் செய்யுது. சாயம் கூடிப்போச்சு.” பிறகு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “பரவாயில்ல. கல்யாணம் கட்டி இத்தன காலத்துக்கு மொதத் தடவையா எனக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுத்திருக்கீங்க. கீழ ஊத்துவேனா?” என்றாள்.

கடைசிச் சொட்டுவரை குடித்தாள். மறுத்திருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும், அதனால்தான் குடித்தாள் என்று அப்போது எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மழை விடுவதற்கு முன்பே அவளுக்குத் தொடங்கிவிட்டது. முதலில் வாந்தி. பிறகு வேர்வை. கதிரையில் சாய்ந்து, “எனக்கு என்னமோ செய்யுதுங்க. நிரோஷனுக்கு ஒரு கோல் எடுங்க,” என்றாள். உயிர் போகிற நேரத்தில் அவள் வாயில் வந்தது அவன் பெயர். நான் போனை எடுக்கவில்லை. தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் எழுந்து போகக் கூடாது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இழுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய விரல்கள் குளிர்ந்துகொண்டு வந்தன. எனக்கு அழுகை வந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று சொன்னாள். “ஒங்க குளிசய… நிரோஷன்ட்ட கேட்டு… மறந்துறாதீங்க.”

நீங்கள் பேனையை நிறுத்திவிட்டீர்கள். எனக்குப் புரிகிறது. சாகிறவர் சொன்னதைச் சாட்சியமாக ஏற்கலாம்தான். ஆனால் அவருடைய மரணத்துக்கு என்ன காரணம், எந்தச் சூழ்நிலையில் அது நடந்தது என்பதைப் பற்றிச் சொன்னதாக இருக்க வேண்டும். இது என் குளிசையைப் பற்றியது. அவளுடைய மரணத்தைப் பற்றியது அல்ல. எனவே அந்தக் கூற்றை நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

அவள் இறந்துபோனாள். அப்படியென்றால் அது நஞ்சு. குற்றம் நிரூபிக்கப்பட்டது. நியாயமான சந்தேகம் என்று ஏதாவது என்னிடம் எஞ்சியிருந்தால் அதோடு அது தீர்ந்தது. இதைத்தான் நான் செய்தேன், செய்ததை மறுக்கவில்லை.

“சேர்,” என்கிறீர்கள். “அது ஒங்களுக்கு எழுதின குளிச சேர். மறதிக்கு. ஒங்கட மறதி கூடிக்கிட்டுப் போகுதெண்டும், ஒரு நாளைக்கு ஒண்டு மட்டும் குடுக்கணுமெண்டும் டொக்டர் சொல்லியிருக்கார். நீங்க நோய் வருத்தமே இல்லெண்டு சண்ட புடிச்சதால டீச்சர் தேத்தண்ணியில போட்டுத் தந்திருக்காங்க. கோர்ட்ட விட்டா நீங்க இருக்க மாட்டீங்கண்டு பயந்து, பக்கத்துல நிண்டு சமாளிக்கச் சொல்லி நிரோஷன்ட்ட கெஞ்சினாங்களாம். டீச்சருக்கு இருதய வருத்தம் இருந்தது. அவ்வளவையும் ஒரேயடியா குடிச்சா அந்த இருதயம் தாங்குமா?”

பேச்சு நன்றாக இருக்கிறது. ஆனால் யார் சொன்னது? நிரோஷன் சொன்னான். அவனுக்கு யார் சொன்னது? பவளமும் டொக்டரும் சொன்னார்கள். கேட்டவர் சொன்னதைக் கேட்டவர் சொல்கிறார். என் வகுப்பில் முதல் வாரப் பிள்ளைகூட இதைக் கொண்டுவர வெட்கப்படும். அவனுக்கு இதில் நலனும் இருக்கிறது. எனக்கு மறதி என்று ஆகிவிட்டால் என் வழக்குகள் யாருக்குப் போகும்? அந்த வாங்கில் உட்கார்ந்து அவன் எதற்காக அழுகிறான் என்று நீங்கள் விசாரிக்க வேண்டும்.

மறதி என்கிறீர்கள். இருபத்தைந்தாம் பிரிவை மறந்தேனா? இருபத்தேழை? ஒரு சொல் பிசகாமல் சொல்வேன். அந்த மட்டைகளை எங்கே போட்டேன் என்றா கேட்கிறீர்கள்? சொல்ல மாட்டேன் என்றேனே. உண்மையில் அது எனக்கு நினைவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான், நினைவில்லாததை யாரும் என் வாயிலிருந்து எடுக்க முடியாது.

இல்லை, இந்தத் தேத்தண்ணீர் வேண்டாம். குறை நினைக்காதீர்கள் தம்பி, உங்கள் பெயர் என்ன என்று கேட்க மறந்துவிட்டேன். வெளியில் இருட்டிக்கொண்டு வருகிறது, இனி மழை பிடித்துவிடும். நான் வீட்டில் போய்க் குடித்துக்கொள்வேன்.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சொல்லித்தருகிறேன், தொழிலில் உதவும். அந்தக் குளிசை யாருக்கு, எதற்கு என்று உங்களுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டுமென்றால், டொக்டரையும் வேண்டாம், நிரோஷனையும் வேண்டாம். தன் கையால் நசுக்கிப் போட்டவரை அழைக்க வேண்டும். அதுதான் முறை. ஒரு கோல் எடுத்துப் பவளத்தை வரச் சொல்லுங்கள். இந்நேரம் அடுப்பில் தண்ணீர் வைத்திருப்பாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை. அவள் வந்து என்ன சொன்னாலும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.